குழாய்த் தண்ணீரும் தவளையின் இதயமும் – டாக்டர் சிட்னி ரிங்கரின் கதை



போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை? சொட்டுச் சொட்டாக இறங்கும் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ரிங்கர்ஸ் லாக்டேட் என்று எழுதியிருந்தது. நர்ஸ்கள் அதைச் சுருக்கி ஆர்.எல். என்கிறார்கள். நம் குடியிருப்பில் ஆபரேஷன், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று எதற்காகவாவது படுத்து எழுந்தவர்களில் பாதிப் பேர் உடம்பிலாவது அது ஏறியிருக்கும். ரிங்கர் என்பது மருந்துக் கம்பெனியின் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். அது ஒரு மனிதரின் பெயர். நம் இதயம் கை கால் தசைகளைப் போல வேலை செய்வதில்லை, அதற்கு வேறு விதி என்பதற்கு முதல் துப்பைக் கண்டுபிடித்தவர்களில் அவர் ஒருவர். அதைக் கண்டுபிடித்தது ஒரு தவறு நடந்ததால். அந்தத் தவறை அவர் என்ன செய்தார் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நார்விச் பையன்

சிட்னி ரிங்கர் 1830-களின் நடுவில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்விச் நகரில் பிறந்தார். வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தின் அரசு திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சகோதரர்கள் பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போனார்கள். தம்பி பிரெடெரிக் ஜப்பானின் நாகசாகியில் பெரிய வணிகராக உயர்ந்தார். ஜப்பானில் இன்றும் ரிங்கர் ஹட் என்ற நூடுல்ஸ் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பெயர் இந்தத் தம்பியின் நினைவாக வைத்தது. அண்ணன் பெயர் ஆஸ்பத்திரி பாட்டிலில், தம்பி பெயர் சாப்பாட்டுக் கடைப் பலகையில்!

சிட்னிக்கு மருத்துவத்தில் ஆசை. உள்ளூரில் ஒரு மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு 1854-ல் லண்டன் போய் யூனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். அரசு திருச்சபையைச் சேராதவர்களையும் தடையில்லாமல் சேர்த்துக்கொள்வதற்காகவே தொடங்கப்பட்ட கல்லூரி அது. 1860-ல் மருத்துவப் பட்டம், 1863-ல் எம்.டி. அதே கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் படிப்படியாக உயர்ந்து 1866-ல் முழுப் பொறுப்புள்ள மருத்துவரானார். கடைசி வரை அந்த நிறுவனத்தை விடவில்லை. சேர்ந்த இடத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கு இது பிடிக்கும்!

1869-ல் மருந்துகளைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். எந்த மருந்தை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று டாக்டர்களுக்குச் சொல்லும் புத்தகம். அது அவர் காலத்திலேயே 13 பதிப்புகள் கண்டது. ஆக, நாற்பது வயதிலேயே பெயரும் வருமானமும் உள்ள பெரிய டாக்டர், கல்லூரிப் பேராசிரியர். அதோடு நின்றிருந்தாலும் நல்ல வாழ்க்கைதான்.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி வேலைக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நேரத்தில் கல்லூரியின் உடலியல் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். சம்பளத்துக்காகச் செய்த வேலை இல்லை. இத்தனை மருந்துகளைப் பற்றி எழுதுகிறோமே, அவை உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தவளையின் இதயம்

அந்தக் காலத்து ஆய்வாளர்களுக்குத் தவளைதான் தோழன். தவளையின் இதயத்தை வெளியே எடுத்துவிட்டாலும் அது கொஞ்ச நேரம் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். தவளையின் கால் தசையை எடுத்து வைத்தால் அப்படி இல்லை, அது சும்மா கிடக்கும். நரம்பு வழியாகவோ மின்சாரம் வைத்தோ தூண்டினால்தான் ஒரு முறை சுருங்கும். இதயத்துக்கும் மற்ற தசைக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். கைத் தசை மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறது. இதயம் உத்தரவைத் தானே பிறப்பித்துக்கொள்கிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான்.

வெளியே எடுத்த இதயம் நீண்ட நேரம் துடிக்க ரத்தம் போன்ற ஒரு திரவம் அதன் வழியாக ஓட வேண்டும். ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் எது இதயத் துடிப்புக்கு அவசியம்? ரிங்கர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். ரத்தக் கலவையை நிறுத்திவிட்டு, வெறும் உப்புக் கரைசலை விட்டுப் பார்த்தார். நாம் சமையலுக்குப் போடும் அதே சோடியம் குளோரைடு, நூற்றுக்கு முக்கால் பங்கு வீதம். பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தார்.

1882-ல் முடிவை அறிவியல் இதழில் வெளியிட்டார். உப்புக் கரைசலுடன் துளியூண்டு பொட்டாசியம் சேர்த்தால் போதும், தவளை இதயம் நன்றாகத் துடிக்கிறது என்பது அதன் சாரம். அழகான, எளிமையான முடிவு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

டாலி ஆகாத கணக்கு

கட்டுரை வெளிவந்த பிறகும் ரிங்கர் சோதனைகளைத் தொடர்ந்தார். திடீரென்று இதயங்கள் பழையபடி துடிக்கவில்லை. அதே உப்பு, அதே அளவு, அதே தவளை இனம். ஆனால் துடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து சுமார் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. முன்பு மணிக்கணக்கில் துடித்தது, இப்போது ஏன் இல்லை?

தேடியதில் விஷயம் வெளியே வந்தது. கரைசல் செய்ய டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. நாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, காய்ச்சி வடித்த அந்தத் தண்ணீர். முந்தைய சோதனைகளில் ஆய்வுக்கூட உதவியாளர் அதைப் பயன்படுத்தவில்லை. குழாயைத் திறந்து பிடித்த தண்ணீரிலேயே உப்பைக் கரைத்துவிட்டார். காய்ச்சி வடிப்பது நேரம் பிடிக்கும் வேலை. டாக்டருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று அவர் நினைத்ததாகப் பின்னாளில் ஒரு கதை சொல்வார்கள்.

அந்தக் குழாய்த் தண்ணீர் நியூ ரிவர் கம்பெனி என்ற தண்ணீர் நிறுவனம் கொடுத்தது. நியூ ரிவர் என்பது ஆறு இல்லை, 1613-ல் திறந்த கால்வாய். ஹெர்ட்ஃபோர்டுஷயர் பகுதி ஊற்றுகளிலிருந்து லண்டனுக்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டியது. அந்த ஊற்றுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருபவை. ஆகவே தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கரைந்திருந்தது. பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஏறக்குறைய 38 பங்கு. நம் பாத்ரூம் ஷவரிலும் கீசரிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து ஒவ்வொரு பொதுக்குழுக் கூட்டத்திலும் சண்டையைக் கிளப்புகிறதே, அந்தச் சமாசாரம்தான்.

ரிங்கர் டிஸ்டில்டு வாட்டரில் செய்த கரைசலில் கொஞ்சம் கால்சியத்தைக் கலந்தார். நிற்கப் போன இதயம் மறுபடி துடித்தது. ஆக, 1882-ல் இதயத்தைத் துடிக்க வைத்ததில் வெறும் உப்புக்கும் பொட்டாசியத்துக்கும் மட்டும் பங்கில்லை. கணக்கில் எழுதாத மூன்றாவது நபர் ஒருவர் குழாய் வழியாக வந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை சொல்ல வேண்டும். நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் லெட்ஜர் பாலன்ஸ் செய்யும்போது 270 ரூபாய் வித்தியாசம் வந்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறோம் என்று காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஊருக்குப் போக வேண்டிய கடைசி பஸ் இருந்தது. ஆபீசரிடம் சொல்லி அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். நாலு மாதம் கழித்து ஒரு பென்ஷன்காரர் பணம் எடுக்க வந்தபோது கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். 360 என்று பற்று எழுத வேண்டிய இடத்தில் 630 என்று எழுதியிருந்தேன். மறுநாளே திருத்தப் பதிவு போட்டுச் சரிசெய்தேன். ஆனால் தவறு என்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. கணக்கு சரியாகிவிட்டது ஐயா என்று மட்டும் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் ரிங்கர் அடுத்துச் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அப்போது அவர் பெயர்பெற்ற பேராசிரியர். புதிய கண்டுபிடிப்பை மட்டும் வெளியிட்டுவிட்டு, பழைய கட்டுரையைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கலாம். உதவியாளர் தலையில் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். 1883-ல் அதே இதழில் எழுதிய அடுத்த கட்டுரையின் தொடக்கத்திலேயே, முன்பு பயன்படுத்தியது காய்ச்சி வடித்த நீர் அல்ல, நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீர் என்பதைத் தாமே தெரிவித்தார். அந்தத் தண்ணீரில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்பதையும் கொடுத்தார். முன்பு உப்புக் கரைசலின் விளைவு என்று எழுதியவற்றில் சில, தண்ணீரில் இருந்த பொருள்களின் விளைவு என்று திருத்தினார். சஸ்பென்ஸ் கணக்கே இல்லை, நேரடியான திருத்தப் பதிவு.

கால்சியமும் பொட்டாசியமும்

கால்சியம் வேண்டும் என்று தெரிந்தாயிற்று. கால்சியத்தை மட்டும் கொடுத்தால் போதுமா? போதாது என்று ரிங்கர் கண்டார். பொட்டாசியம் இல்லாமல் கால்சியம் மட்டும் இருந்தால் இதயம் சுருங்குகிறது, ஆனால் விரிவதற்குத் திணறுகிறது. கடைசியில் இறுகிப் போகிறது. மாறாக, பொட்டாசியம் அதிகமானால் இதயம் தளர்ந்து விரிந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஒன்று இழுக்க, ஒன்று தளர்த்த, இரண்டும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் துடிப்பு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றையும் அளவோடு கலந்த அந்தத் திரவம்தான் ரிங்கர் கரைசல்.

பொட்டாசியம் விஷயம் இன்று நம் பலருக்கு நேரடியாக உதவியிருக்கிறது. பைபாஸ் ஆபரேஷன் செய்யும்போது பல சமயம் இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தைக்கிறார்கள். நிறுத்துவதற்குப் பொட்டாசியம் அதிகமாக உள்ள குளிர்ந்த திரவத்தை இதயத் தசைக்குள் செலுத்துவார்கள். வேலை முடிந்ததும் அதை வெளியேற்றி ரத்தத்தை விட்டால் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கும். தவளை இதயத்தில் ரிங்கர் பார்த்த அதே தளர்ச்சிதான் இது.

இதயம் வேறு, கை கால் வேறு

பிறகு அவர் மற்ற தசைகளின் பக்கம் திரும்பினார். இதயத்துக்குச் சொன்ன விதி கால் தசைக்கும் பொருந்துமா? 1887-ல் டட்லி பக்ஸ்டன் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இதயத் தசையும் எலும்போடு ஒட்டிய தசையும் இந்த உப்புகளுக்கு எந்தெந்த விதத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன, எதில் வேறுபடுகின்றன என்பதே அதன் பொருள். முக்கியமான வேறுபாடு இது: கால்சியம் இல்லாத கரைசலில் இதயம் சீக்கிரம் நின்றுவிடுகிறது. கால் தசையோ அதே மாதிரிக் கரைசலிலும் தூண்டினால் சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? ரிங்கர் காலத்தில் அதை விளக்கும் கருவிகள் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில்தான் விடை கிடைத்தது. எனக்குப் புரிந்த முறையில் சொல்கிறேன்.

எந்தத் தசை சுருங்குவதற்கும் தசை அணுவுக்குள் கால்சியம் கிடைக்க வேண்டும். தசைக்குள் மெல்லிய இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவித்தான் சுருக்கம் உண்டாகிறது. கால்சியம் வந்து டிரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டினால்தான் அந்த இழைகளுக்கு அனுமதி. டிரோபோனினை 1960-களில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் செட்சுரோ எபாஷியும் அவர் குழுவினரும். இந்த அளவில் இரண்டு தசைகளும் ஒன்றுதான்.

அந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பிரிகிறார்கள். தசை அணுவுக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் பைகள் உண்டு, வங்கியின் ஸ்ட்ராங் ரூம் மாதிரி. கை கால் தசையில் நரம்பின் மின் உத்தரவு வந்ததும் அணுவின் மேல்சுவரில் உள்ள ஒரு புரதம் அசைகிறது. அது பையின் கதவோடு நேரடியாகத் தொடர்புடையது. கதவு திறக்கிறது, உள்ளிருப்பு வெளியே வருகிறது, தசை சுருங்குகிறது. வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. உள்ளூர்க் கையிருப்பிலேயே பட்டுவாடா முடிந்துவிடுகிறது.

இதயத் தசையில் அந்த நேரடித் தொடர்பு இல்லை. மின்னலை வந்ததும் மேல்சுவரில் சிறு வாசல்கள் திறந்து வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே நுழைகிறது. அந்தக் கொஞ்சம் கால்சியம் போய்த் தட்டினால்தான் உள்ளே இருக்கும் பை திறந்து பெரிய அளவில் கால்சியத்தை விடுகிறது. ஸ்ட்ராங் ரூமில் எவ்வளவு பணம் இருந்தாலும், வெளியிலிருந்து ஒருவர் இரண்டாவது சாவியைக் கொண்டுவந்தால்தான் திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தச் சாவி வேண்டும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ரிங்கரின் தவளை இதயம் டிஸ்டில்டு வாட்டரில் நின்றுபோனது இந்தச் சாவி வராததால்.

வேறு வித்தியாசங்களும் உண்டு. நீங்கள் ஒரு டம்ளரைத் தூக்கும்போது கைத் தசையின் கொஞ்சம் இழைகள் மட்டும் வேலை செய்கின்றன. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது அதிக இழைகள் அழைக்கப்படுகின்றன. இதயத்தில் அப்படி ஷிப்ட் முறை கிடையாது. அணுக்கள் ஒன்றோடொன்று மின் தொடர்பில் இருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாரும் வேலைக்கு வந்தாக வேண்டும். அதனால் வேலைப்பளு கூடும்போது ஆட்களைக் கூட்ட முடியாது, ஒவ்வொரு அணுவும் சுருங்கும் பலத்தைத்தான் கூட்ட முடியும். மாடிப்படி ஏறும்போதோ கோபப்படும்போதோ அட்ரினலின் சுரந்து இதயத்துக்குள் வரும் கால்சியத்தின் அளவைக் கூட்டுகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொன்று, நேர அளவு. கைத் தசையின் மின்னலை ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கில் முடிந்துவிடும். சுருக்கம் தளர்வதற்குள் அடுத்த உத்தரவு வரலாம், அதற்கடுத்ததும் வரலாம். எல்லாம் சேர்ந்து தசை தொடர்ந்து இறுகி நிற்கும். கைப்பையை நாம் விடாமல் பிடித்திருக்க முடிவது இப்படித்தான். இதயத்தின் மின்னலையோ ஒரு விநாடியில் கால் பங்கு அளவுக்கு நீடிக்கிறது. அது முடியும் வரை அடுத்த உத்தரவை இதயம் ஏற்காது. அதற்குள் சுருங்கித் தளர்ந்துவிடும். ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் வேதனை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இதயம் அப்படி ஒரு நிமிடம் இழுத்துப் பிடித்தால் ரத்தம் நிரம்ப வழியில்லாமல் ஆளே காலி. அப்படி ஆகாதபடி இயற்கை போட்ட பூட்டு அது.

இதில் ஒரு சந்தேகம் வரலாம். நாம் குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர், அதில் கால்சியம் குறைவு, இதயம் நின்றுவிடுமா? பயப்பட வேண்டாம். தவளையின் இதயம் உடம்பை விட்டுப் பிரிந்து தனியாகக் கிடந்தது. நம் உடம்பில் ரத்தத்தின் கால்சியம் ஒரே அளவில் இருக்கும்படி பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள் காவல் காக்கின்றன. உணவில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுத்துவிடும். எலும்பு தேய்ந்தாலும் இதயத்துக்குப் படியளப்பது நிற்காது. ஆகவே பாலும் கீரையும் கேழ்வரகும் சாப்பிடுவது எலும்பைக் காப்பாற்றத்தான்.

நம்மில் சிலர் வெராபமில், டில்டியாசெம் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறோம். இவை இதயத்தின் அந்தச் சிறு வாசல்களைக் கொஞ்சம் அடைத்து துடிப்பின் வேகத்தையும் பலத்தையும் குறைப்பவை. அம்லோடிபின் அதே குடும்பம், ஆனால் பெரும்பாலும் ரத்தக் குழாய்ச் சுவரில் வேலை செய்து பிரஷரைக் குறைக்கிறது. இவற்றைச் சாப்பிடுவதால் கை கால் தசை பலமிழப்பதில்லை. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். அந்தத் தசைகள் வெளிக் கால்சியத்தை நம்பி இல்லை.

வீடும் கோயிலும்

ரிங்கரின் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1867-ல் யார்க்ஷயரைச் சேர்ந்த ஆன் டார்லி என்பவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோனாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்தவர், தன் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. யார்க்ஷயரில் லாஸ்டிங்ஹாம் என்ற சிறு கிராமம் இருக்கிறது. அங்கே 11-ஆம் நூற்றாண்டுப் பழமையான ஒரு தேவாலயம். மகளின் நினைவாக அதை 1879-ல் புதுப்பித்துக் கொடுத்தார். தவளை இதயச் சோதனைகள் வெளிவந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

1885-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதன் பிறகும் சோதனைகள் நிற்கவில்லை. தலைப்பிரட்டை வளர என்ன உப்பு வேண்டும் என்று 1890-களுக்குள்ளும் போய்க்கொண்டே இருந்தார். 1900-ல் ஓய்வு பெற்று லாஸ்டிங்ஹாமுக்கே குடிபோனார். 1910 அக்டோபர் 14 அன்று பக்கவாதத்தில் காலமானார்.

அவர் கரைசல் தனியாக வாழ்ந்தது. 1921-ல் ஓட்டோ லோவி என்ற அறிஞர் நரம்புகள் ரசாயனம் மூலம் இதயத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்று நிரூபித்தார். அந்தச் சோதனையில் தவளை இதயங்கள் துடித்தது ரிங்கர் கரைசலில்தான். 1932-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், ரிங்கர் கரைசலுடன் லாக்டேட்டைச் சேர்த்தார். உடம்பில் நீர் வற்றி ரத்தத்தில் அமிலம் கூடிய குழந்தைகளுக்காக அவர் செய்த மாற்றம் அது. என் மனைவியின் கையில் ஏறியதும் அதுதான்.

ஒரு திருத்தம்

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் நம் சி பிளாக் டாக்டரம்மாவிடம் காட்டினேன். முதலில் நான் எழுதியிருந்தது, கை கால் தசைகள் சுருங்கக் கால்சியமே தேவையில்லை என்று. அது தவறு, அவற்றுக்கும் கால்சியம் வேண்டும், சொந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவர் விளக்கினார். அதன் பிறகுதான் மேலே உள்ள பத்திகளை மாற்றி எழுதினேன். போன வாரம் காலை நடையின்போது என்னிடம் பழைய விளக்கத்தைக் கேட்டுக்கொண்ட நாலைந்து நண்பர்கள் தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளவும். தவறு என்னுடையது.